ஐந்தரைக் கட்டை

தஞ்சாவூர்க் கொட்டகைத் தெருக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. டெல்டாவில் நெல் விளைவது காவிரியால், ஜனங்கள் சிரிப்பதும் அழுவதும் தங்களால் என்று. நினைப்பில் பாதி நிஜம்தான். பூதலூரிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டாலும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும், அதாவது நாயகனும் நாயகியும், இந்தத் தெருவிலிருந்துதான் போகவேண்டும். டோப்பா முடி, படுதாத் திரை, ஆர்மோனியம் வாசிக்கிற ஆள் எல்லாம் இங்கேதான். தெருவின் இரண்டு முனையிலும் இருந்த சினிமாக் கொட்டகைகளில் ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது, இன்னொன்றில் செல்போன் கடைகள் வந்துவிட்டன. நாடக வீடுகளுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. போன வருஷம் மாநகராட்சி தெருமுனையில் வளைவு கட்டி ‘நாடக வீதி’ என்று விளக்கெழுத்தில் போட்டது. ஒரு மழைக்காலத்தில் பாதி எழுத்து அணைந்துபோனது, அது வேறு கதை.

இத்தனை இருக்கிற தெருவில் இல்லாதது இரக்கம் ஒன்றுதான். அதைப் பார்க்கவேண்டுமானால் தை மாதம் பெட்டி நாளன்று வரவேண்டும்.

அறுப்பு முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும், ஊர்ப் பஞ்சாயத்தார் தாம்பூலத் தட்டோடு இங்கே வந்து இறங்குவார்கள். நடிகர் சங்கத்து மண்டபத்தில் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடியில் ஒரு பாதிரியார் வீட்டு ஏலத்தில் வாங்கி வந்தது என்பார்கள். தெருவில் அதற்குப் பெரிய பெட்டி என்று பெயர். வருஷத்தில் ஒரு நாள்தான் அதைத் திறப்பார்கள். அன்றைக்கு மத்தளம் கிடையாது, மைக் கிடையாது. பெட்டியில் ஐந்தரைக் கட்டை சுதியைப் பிடிப்பார்கள்; கட்டை ஏற ஏறச் சுதியும் ஏறும். ஸ்திரீபார்ட் ஆகவேண்டியவள், பழையவளானாலும் புதியவளானாலும், அந்தச் சுதியில் தெருவுக்கென்று இருக்கிற பாட்டைப் பாடவேண்டும். பாட்டு தொடக்கத்தில் கிணற்றுப் படியில் இறங்குகிற மாதிரி கீழே கீழே போகும், அப்புறம் ஒரே தாவாக உச்சிக்கு ஏறும். எங்கே குரல் உடைந்தாலும் சங்கத் தலைவர் மணியை அடித்துவிடுவார். மணி அடித்தால் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கவேண்டும். பஞ்சாயத்தார் அங்கேயே, அந்த ஒரு பாட்டைக் கேட்டே, யாருக்குத் தட்டை நீட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

தெருமுனையில் இட்லி மாவு விற்கிற ரெங்கம்மாள் ஒரு காலத்தில் ஸ்திரீபார்ட்டாக இருந்தவள். ஒரு பெட்டி நாளில் உச்சிச் சுரத்தில் அவள் தொண்டை கிழிந்தது. மணி அடித்தார்கள். அடுத்து மேடையேறிய சின்னப் பெண்ணுக்கு அவளுடைய தட்டுகள் அத்தனையும் போயின. இன்றைக்கும் மாவு வாங்க வருகிற பையன்கள், “பெரியம்மா, அந்த மேல் சுரத்தை ஒரு தடவை போடுங்களேன்” என்பார்கள். ரெங்கம்மாள் போட்டுக் காட்டுவாள். அது கிறீச்சென்று உடையும். அவர்கள் சிரிப்பார்கள், அவளும் கூடச் சிரித்துக்கொண்டே மாவை ஊற்றுவாள்.

அன்றைக்கு மேடையேறிய சின்னப் பெண்தான் மாலதி. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ரெங்கம்மாளின் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தால் அவள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

காரணம் இருந்தது. கழுத்தில் வந்த கட்டிக்குத் திருச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்ததிலிருந்து அவள் குரல் இறங்கிவிட்டது. ஐந்தரையில் உச்சியைத் தொட முடியவில்லை. ஊர் மேடைகளில் கலந்தர் காப்பாற்றினார். இருபது வருஷமாக அவளுக்குப் பெட்டி வாசிக்கிறவர். தன் கைப்பெட்டியில் அரை அரையாக இறக்கி, நாலரைக் கட்டையில் அவளைப் பாடவைத்தார். மத்தளக்காரனுக்குத் தெரிந்தாலும், அவன் கூலிக்கு வருகிறவன், வாயைத் திறக்கமாட்டான். ஆனால் பெரிய பெட்டியின் முன்னால் இந்த வேலை நடக்காது. போன தையில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தாள், பழைய பெயருக்காகத் தட்டுகள் வந்தன. இந்தத் தையிலும் காய்ச்சல் வந்தால் தெரு சிரிக்கும். போதாததற்குப் பூவிழி வேறு வந்திருந்தாள்.

பூவிழி பூதலூர்ப் பக்கத்துப் பெண். அவள் தாத்தா காலம் வரை பண்ணையாட்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அம்மா அம்சம் அதில் நின்று உழைக்கிறாள். பெண் பி.காம். படித்துவிட்டு, பேங்க் பரீட்சை எழுதாமல் இந்தத் தெருவுக்கு வந்து உட்கார்ந்தவள். குரல் கண்ணாடிக் குரல். உச்சியில் நின்றுகொண்டு இன்னும் மேலே போகட்டுமா என்று கேட்கிற குரல். அவள் ஊர்ப் பஞ்சாயத்தே இந்த வருஷம் அவளுக்குத் தட்டு கொண்டுவருகிறது என்று தெரு முழுக்கப் பேச்சாக இருந்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் மாலதி கலந்தரைக் கூப்பிட்டனுப்பினாள்.

“பாய், பெரிய பெட்டியோட சுதியை இறக்கிடுங்க.”

கலந்தர் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். “என்னம்மா பேசற?”

“வருஷா வருஷம் நீங்கதானே எண்ணெய் போட்டுத் துடைக்கிறீங்க. சாவி உங்ககிட்டதான் இருக்கு. எவன் வந்து பார்க்கப் போறான்?”

“உள்ள இருக்கற பித்தளை நாக்கு ஒவ்வொண்ணுக்கும் அடியில அரம் போடணும். போட்டா ஒரு கட்டை இறங்கும். விரலு ஐந்தரையில இருக்கும், சத்தம் நாலரையில வரும். ஆனா அது பாவம்மா. எங்க அத்தா தொட்டு வாசிச்ச பெட்டி அது.”

“அப்ப ரெங்கம்மாளுக்குப் பக்கத்துல நானும் ஒரு அண்டா வெச்சு உக்காந்துக்கறேன். வந்து மாவு வாங்கிட்டுப் போங்க.”

கலந்தர் டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

“யாருக்கு நஷ்டம் பாய்? சுதி இறங்குனா மேல போறது எல்லாருக்கும் சுலபம். பாடற அத்தனை பேருக்கும் நல்லதுதானே பண்றீங்க?”

இந்தப் பேச்சில் ஓட்டை இருந்தது. அவளுக்கும் அது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கலந்தருக்கு மனசு இளகினது, அதோடு அவர் கெட்டார். மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சின்ன அரத்தை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

பெட்டி நாள் காலையில் மண்டபம் பிதுங்கியது. முதலில் சங்கத் தலைவர் ரெத்தினம் தெருவின் வரலாற்றைச் சொன்னார். இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து, வருஷா வருஷம் கொஞ்சம் வளர்கிற கூத்தும்கூட. காவிரியில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டதால் ஒரு பெரிய நாடகக் கம்பெனி தஞ்சாவூரில் தங்கியது என்பது கதை. முன்பெல்லாம் கம்பெனி மாட்டு வண்டிகளில் வந்தது. ரெத்தினம் தலைவரான பிறகு குதிரை வந்தது. இந்த வருஷம் யானையே வந்துவிட்டது. கம்பெனி முதலாளி வசூலை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனான், சோற்றுக்கு வழியில்லாமல் நின்ற நடிகர்கள் படுதாவை விற்றுத் தின்றுவிட்டு இங்கேயே குடிசை போட்டார்கள் என்பதுதான் நடந்தது. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும், மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

“நம்ம தெருவுல ஆளு மாறியிருக்கு, நாடகம் மாறியிருக்கு, ஆனா ஐந்தரை மாறினதில்லைய்யா!” என்று ரெத்தினம் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. கலந்தர் தலை நிமிரவே இல்லை.

முதலில் ஆண்கள் தங்கள் பாட்டைப் பாடினார்கள். அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் குரல் பிய்த்துக்கொண்டு போனது. பத்து வருஷமாக உச்சிக்கு எட்டிப் பார்க்காத ஆசாமிகள்கூட ஏறி நின்று இறங்க மனசில்லாமல் இழுத்தார்கள். ஒருவன் அது தேனும் மிளகும் செய்த வேலை என்றான். இன்னொருவன் மார்கழிக் குளியலால் வந்தது என்றான். பெட்டியை ஒருவனும் சந்தேகப்படவில்லை. அந்தத் தெருவில் மனைவியைச் சந்தேகப்படுவான், பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவான், பெட்டியை மட்டும் சந்தேகப்படமாட்டான். தன் குரல் நன்றாக இருப்பதாகக் கேட்கும்போது எந்த நடிகன்தான் விசாரணை வைப்பான்?

மாலதி பாடினாள். கீழே இறங்கும்போது நிதானம், மேலே ஏறும்போது முழுக் குரல். ஆபரேஷன் தழும்பை மறைத்த அட்டிகை மட்டும் கொஞ்சம் நடுங்கியது. பாட்டு முடிந்ததும் மயிலாடுதுறைப் பக்கத்துப் பஞ்சாயத்தார் எழுந்து நின்றே கைதட்டினார்கள். “ஆபரேஷனாவது ஒண்ணாவது, சிங்கம்யா” என்று யாரோ ஒருவன் கத்தினான். மாலதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழைத்துக்கொண்டோம் என்ற ஆனந்தம் அது, வேறொன்றும் இல்லை.

அடுத்து பூவிழி ஏறினாள். முன் வரிசையில் அம்சம் புதுப் புடவையில், மடியில் பூப்பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். பூவிழி அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டை எடுத்தாள்.

முதல் வரியே இறக்கம். ஐந்தரையில் அந்தப் பெண்ணுக்கு அதுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே அவளுக்குப் படி கிடையாது. இப்போது சுதி ஒரு கட்டை கீழே கிடந்தது. அவள் இறங்கினாள், கால் வைக்க இடம் இல்லை. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. திடுக்கிட்டு நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் காற்று. அவள் கை தானாகப் போய்த் தொண்டையைத் தொட்டது.

மாலதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. இதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, தலைமுதல் கால்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

“மேல பாடுறேங்க, மேல நல்லா வரும், ஒரு தடவை...” என்று பூவிழி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரெத்தினம் மணியை அடித்தார்.

பின் வரிசையில் ஒருவன், “நடவு நடறப்ப குனிஞ்சுகிட்டுப் பாடற தொண்டைய்யா, நிமிர்ந்தா வருமா?” என்றான். மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் அவள் ஊர்ப் பஞ்சாயத்தாரும் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தட்டு, பூவிழி மேடையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் மாலதியின் முன்னால் வந்துவிட்டது. அம்சம் பூப்பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் பூவிழி மாலதி வீட்டுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. என் தொண்டைக்கு என்னக்கா ஆச்சு? காலையில வீட்டுல பாடிப் பார்த்தேன், கீழ நல்லா வந்துச்சு. இங்க வந்து எப்படிக்கா போகும்?”

மாலதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம்டி, வேறொன்றும் இல்லை, அடுத்த தையில் வா என்று சொன்னால்கூடப் போதும். அடுத்த தை என்று நினைத்ததும் மாலதிக்கு வாய் வேறு பக்கம் திரும்பியது.

“வெளிச்சத்துக்கு வா. வாயைத் தொற.”

செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தாள். நல்ல ஆரோக்கியமான இளம் தொண்டை. ஒரு குறையும் இல்லை. மாலதி விளக்கை அணைத்துப் பெருமூச்சு விட்டாள். இருபது வருஷமாக மேடையில் விட்ட பெருமூச்சுகளிலேயே அதுதான் நன்றாக அமைந்தது.

“எனக்கு வந்த அதே கட்டிடி. ஆரம்பம்தான்.”

பூவிழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “டாக்டர்கிட்டப் போகட்டுமாக்கா?”

“போனா கத்தி வெப்பான். இங்க பாரு.” மாலதி அட்டிகையை விலக்கித் தழும்பைக் காட்டினாள். “எனக்கு எப்படியோ தப்பிச்சுது. எல்லாருக்கும் தப்பிக்காது, பேச்சே போயிடும். நீ பாடறதை விட்டுடு. முணுமுணுக்கக்கூடக் கூடாது. வாயை மூடிகிட்டு இருந்தா தானா அமுங்கிடும்.”

“எவ்வளவு நாளைக்குக்கா?”

“தொண்டையே சொல்லும்.”

பி.காம். படித்த பெண்தான். ஆனால் அந்தத் தெருவுக்கு வந்த பிறகு, தொண்டையைப் பற்றி ஸ்திரீபார்ட் சொல்லாததை டாக்டர் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நம்பக் கற்றுக்கொண்டிருந்தாள். எழுந்து மாலதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான்க்கா என்னை உக்காரவெச்சுப் பேசினீங்க” என்றாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்கும் கலந்தர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அந்தப் புள்ளைகிட்ட சொல்லிடறேம்மா. இறங்கற தொண்டைக்குத்தான் இது நல்லது, ஏறுற தொண்டைக்கு இல்லைன்னு எனக்கு அப்பத் தோணலை. என்னால தாங்க முடியலை.”

“சொல்லுங்க” என்றாள் மாலதி. “அரம் போட்ட கை யாரோடதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. நான் பெட்டியைத் தொட்டேனா? சாவி என்கிட்டயா இருக்கு?”

“நீ சொல்லித்தானே...”

“யார் கேட்டா? ஒரு பாய் வந்து எங்க பெட்டியைக் கெடுத்துட்டான்னு ரெத்தினம் மைக்கைப் பிடிச்சா, தெருவுல உங்க வீடு நிக்குமா? மருமகனும் பேத்தியும் அந்த வீட்டுலதானே இருக்காங்க?”

கலந்தரின் அத்தாவும் அந்தத் தெருவில்தான் பெட்டி வாசித்தார். தாத்தா படுதா இழுத்தார். இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவர் அங்கே கேட்டதில்லை. கேட்க வைத்தது, அவர் யாருக்காகப் பாவம் செய்தாரோ அவளுடைய வாய். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “மாசி நாடகத்துக்கு எத்தனை மணிக்கு வேன்?” என்று கேட்டார். மாலதி சொன்னாள். அவர் போய்விட்டார்.

பூதலூர்ப் பக்கத்து நாடகம் மாசியில் வந்தது. பூவிழியின் ஊர், பூவிழி ஆடியிருக்க வேண்டிய மேடை. திடலில் வைக்கோலைப் பரப்பிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கதை தொடங்கும் முன்னால் சாமி பாட்டு. அதை ஸ்திரீபார்ட் எடுத்துக் கொடுப்பாள், ஊரே சேர்ந்து பாடும். அதுதான் எல்லா ஊரிலும் வழக்கம்.

மாலதி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். கூட்டத்தில் பூவிழி தெரிந்தாள். முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி மப்ளர், பக்கத்தில் அம்சம். கலந்தரும் அவளைப் பார்த்துவிட்டார். கைப்பெட்டியின் மேல் அவர் விரல் நின்றது. ஐந்தரைக்கும் நாலரைக்கும் நடுவில் அது நிற்பதை மாலதி பார்த்தாள். விரல் ஐந்தரைக்குப் போனால் இந்தத் திடலில், இத்தனை ஜனத்துக்கு முன்னால், அவள் தொண்டை கிழியும். நாளைக் காலையில் தெரு முழுக்க அதே சிரிப்புத்தான். கலந்தர் பூவிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

விரல் நாலரையில் விழுந்தது.

மாலதி பாடினாள், ஊர் சேர்ந்து பாடியது. கிழவர்கள், சின்னப் பிள்ளைகள், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்கள், எல்லோரும் பாடினார்கள். பூவிழி மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மப்ளருக்கு மேல் கையை வைத்துத் தொண்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அம்சம் ஒரு துணி மூட்டையோடு மேடைக்கு வந்தாள். அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் அறிவிப்பதும், வாங்கியவர் அந்தப் பெயரை வைத்து ஒரு வரி வாழ்த்திப் பாடுவதும் நாடக மேடை மரியாதை. அம்சம் மைக்செட்காரனின் காதில் சொன்னாள். அவன் உரக்க அறிவித்தான்:

“நம்ம ஊர்ப் பொண்ணு பூவிழி, இந்த மேடைக்குன்னு ஆசையாத் தெச்சு வெச்ச ஜிகினாப் பாவாடையையும் தாவணியையும் அக்கா மாலதிக்கு அன்பளிப்பாக் குடுக்குது!”

அம்சம் மூட்டையை நீட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க சொன்னதுலேருந்து அது வாயே தொறக்கறதில்லைம்மா. பேசறதுகூட இல்லை, எல்லாம் எழுதித்தான் காட்டுது. என் புள்ளை தொண்டையைக் காப்பாத்திக் குடுத்த மவராசி நீங்க, நல்லா இருக்கணும்.”

ஜனம் கைதட்டியது. மாலதி மூட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவாடை அவளுக்கு இடுப்பில் பிடிக்கும், பிரித்துத் தைக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். வாழ்த்து பாடவேண்டிய முறை. கலந்தர் தலையைக் குனிந்துகொண்டு சுதியைப் பிடித்துக் கொடுத்தார்.

“பூவிழி... எங்கள் பூவிழி...” என்று மாலதி முழுக் குரலில் எடுத்து, உச்சிக்குப் போய் அந்தப் பெயரை நிறுத்தினாள். நீடூழி வாழ்க என்று முடித்தாள். திடல் அதிர்ந்தது.

தன் ஊர் மேடையில் தன் பெயரைக் கேட்ட பூவிழிக்கு முகமெல்லாம் கண்ணீர். அழுகை தொண்டை வழியாக வெளியே வந்துவிடாமல், மப்ளர் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.